கேனபி தேறுமா? மாடல்களின் கண்ணாடிப் பாகங்களை மீட்கவும் காக்கவும் ஒரு வழிகாட்டி

போன தீபாவளிக்கு முன்னால் பரணை ஒழித்தபோது சித்தப்பா ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே பஞ்சு, பழைய செய்தித்தாள், அதற்கடியில் அவர் கல்லூரி நாட்களில் ஒட்டிய 1/72 ஸ்பிட்ஃபயர், அதாவது நிஜப் போர் விமானத்தில் 72இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாடல். இறக்கை உடையவில்லை, சக்கரங்கள்கூட அப்படியே இருந்தன. ஆனால் விமானியின் தலைக்கு மேல் மூடும் கேனபிதான் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் பசை பட்டு இளகிய தடம். சட்டத்துக்குப் பூசிய பச்சைப் பெயிண்ட் கண்ணாடி மேலும் ஏறியிருந்தது. போதாததற்கு உள்பக்கம் முழுக்க வெள்ளைப் படலம். “டேய், இது தேறுமா?” என்றார்.

தேறியது. மூன்று மாலை வேலை, அதில் பாதி காயக் காத்திருந்த நேரம். அந்த வேலையை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இப்போதுதான் முதல் கிட், இரண்டாம் கிட் என்று பாகங்களை ஒட்டி மாடல் கட்ட ஆரம்பித்திருப்பவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். விமானத்தின் கேனபிதான் உதாரணம். கார் மாடலின் முன்கண்ணாடி, ஹெலிகாப்டரின் ஜன்னல், ஜீப்பின் ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

முதலில் அந்த பிளாஸ்டிக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிட்டில் வரும் சாம்பல் நிறப் பாகங்களும் தெளிந்த பாகங்களும் பெரும்பாலும் பாலிஸ்டைரீன்தான். சாம்பல் நிறத்தில் வருவதில் கொஞ்சம் ரப்பர் கலந்திருக்கும். அதனால் வளைந்து கொடுக்கும், கத்தி வைத்தால் மெத்தென்று வெட்டுப்படும். ரப்பர் சேர்ந்தால் பிளாஸ்டிக் பால் கலந்த மாதிரி மங்கிவிடும். ஆகவே தெளிந்த பாகத்தில் அதைச் சேர்ப்பதில்லை. கண்ணாடி மாதிரித் தெளிவு கிடைக்கிறது, கூடவே கண்ணாடி மாதிரிப் படக்கென்று உடையும் குணமும் வந்துவிடுகிறது.

நிஜ ஸ்பிட்ஃபயரின் கேனபி வேறு பொருள்: பெர்ஸ்பெக்ஸ், அதாவது அக்ரிலிக். அந்த பெர்ஸ்பெக்ஸுக்கு ஒரு தனிக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் கேனபி சிதறி அதன் துணுக்குகள் சில பிரிட்டிஷ் விமானிகளின் கண்களுக்குள் புகுந்தன. கண்ணுக்குள் கிடந்தும் அவை பெரிதாகப் புண்ணாக்கவில்லை என்பதை லண்டன் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். அதே பொருளில் லென்ஸ் செய்து 1949இல் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். கண்புரை அறுவைக்குப் பின் உள்ளே வைக்கும் லென்ஸின் தொடக்கம் அதுதான். மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப் செய்வதும் அந்த வழியில் வந்த லென்ஸ்களைத்தான். எங்கள் பாட்டிக்குக் கண் அறுவை நடந்தபோது இதை நினைத்துக்கொண்டேன்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நிஜ கேனபி அக்ரிலிக், கார் ஹெட்லைட் பாலிகார்பனேட், நம் கையில் இருப்பது பாலிஸ்டைரீன். மற்ற இரண்டுக்கும் சொல்லப்படும் வைத்தியங்களை இதில் அப்படியே செய்து பார்க்கக் கூடாது. அக்ரிலிக்கின் விளிம்பைத் தீயில் லேசாகக் காட்டிப் பளபளப்பாக்குவார்கள். பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும், தீயில் காட்டினால் அவ்வளவுதான். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன், ஹார்டுவேர் கடைத் தின்னர், பெட்ரோல் மூன்றும் இதைக் கரைக்கும் அல்லது உள்ளுக்குள் நரம்பு நரம்பாக விரிசல் விடவைக்கும். மேசையிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, அளவு. 1/72 மாடலில் 0.1 மில்லிமீட்டர் அகலக் கீறல் என்றால் நிஜ விமானத்தில் அது 7 மில்லிமீட்டர் அகலப் பள்ளம். கையில் பிடித்துப் பார்க்கும்போது ஒன்றும் இல்லாதது போலத் தெரியும் கீறல், போட்டோ எடுத்தால் பூதாகரமாகத் தெரிவது இதனால்தான்.

என்னென்ன வேண்டும்

நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். 1000, 1500, 2000 நம்பர்கள் எளிதாகக் கிடைக்கும், நம்பர் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். கார் பெயிண்ட் பொருள் விற்கும் கடையில் 2500, 3000 கூடக் கிடைக்கும். அப்புறம், ஃபேன்சி ஸ்டோரில் நகத்துக்கு மெருகேற்ற நான்கு பக்கமுள்ள கட்டை ஒன்று விற்கிறார்கள். அதன் கடைசி இரண்டு பக்கங்கள் கேனபிக்கென்றே செய்த மாதிரி இருக்கும். வசதி இருந்தால் மைக்ரோமெஷ் துணி வாங்கலாம், 1500இல் தொடங்கி 12000 வரை போகும். நான் முதல் ஐந்தாறு மாடல்களுக்கு அது இல்லாமல்தான் ஓட்டினேன்.

மெருகேற்ற, மாடல் பொருள் செய்யும் டாமியா நிறுவனத்தின் பாலிஷிங் காம்பவுண்ட்: கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ் என்று மூன்று ட்யூப். அது இல்லையென்றால் ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசை போதும், கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும். குத்துவிளக்கு துலக்கும் பிராசோவை வைத்து கேனபிக்கு மெருகேற்றுகிறவர்களும் உண்டு. வேலை செய்கிறதுதான், ஆனால் அதில் கரைப்பான் இருக்கிறது. உங்கள் கிட்டின் தெளிந்த ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் கொடி) ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்து, ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே பாகத்தில் தொடுங்கள்.

மற்றபடி இயர் பட்ஸ், மரப் பல்குச்சி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி, பாத்திரம் கழுவும் திரவம், புதிய பிளேடு. ஒரு நல்ல டார்ச்சும் வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கழற்றுவது, கழுவுவது

பழைய மாடலில் கேனபியைக் கழற்றுவதுதான் நெஞ்சு படபடக்கும் கட்டம். எந்தப் பசையில் ஒட்டியது என்பதைப் பொறுத்து வழி மாறும். வெள்ளைப் பசையில், அதாவது ஃபெவிகால் வகையில் ஒட்டியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த இயர் பட்ஸை இணைப்பின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் பசை வெளுத்து இளகும், லேசாகத் தூக்கினாலே வந்துவிடும். சூப்பர் குளூ என்றால் மாடலை ஒரு பையில் சுற்றி ஃப்ரீஸரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குளிரில் அந்தப் பசை விறைத்து, பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டும் சிமெண்டில் ஒட்டியிருந்தால் அறுத்துத்தான் ஆக வேண்டும். சித்தப்பாவின் கேனபி அந்த வகை. மெல்லிய பிளேடை இணைப்புக் கோட்டில் வைத்து, முன்னும் பின்னுமாக இழுத்து இழுத்து அறுத்தேன். நெம்பவே கூடாது. ஒரு முனையை நெம்பினால் மறுமுனையில் விரிசல் ஓடும். இருபது நிமிடம் ஆனது. விட்டபோது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பாகம், கையில் வந்தபோது மூச்சு வந்தது.

புது கிட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஸ்ப்ரூவிலிருந்து வெட்டும்போது அதே கவனம் வேண்டும். பாகத்தை ஒட்டி ஒரேயடியாக நறுக்காதீர்கள். முதலில் தள்ளி வெட்டி, மிச்சக் காம்பை இரண்டு மூன்று தடவையில் செதுக்கி எடுங்கள். முறுக்கிப் பிய்த்தால் காம்பு இருந்த இடத்திலிருந்து உள்ளே பிறை மாதிரி ஒரு வெள்ளை விரிசல் விழும். அதை எந்தப் பாலிஷும் போக்காது.

அடுத்தது கழுவுவது. வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம், மெல்லிய பிரஷ். கழுவியதும் தானாகக் காய விடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் ஏறி அறையிலுள்ள தூசியெல்லாம் வந்து ஒட்டும். அந்தத் தூசியோடு தேய்த்தால் புதுக் கீறல்கள்தான் மிச்சம்.

என்ன கோளாறு என்று பாருங்கள்

கழுவிக் காய்ந்த பாகத்தைக் கறுப்புத் துணியின் மேல் பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில்தான் கீறல் எங்கே, எவ்வளவு ஆழம் என்பது தெரியும். நகத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் ஆழமான கீறல், 1000இல் தொடங்க வேண்டும். மாட்டாவிட்டால் 2000, சில சமயம் நேராகப் பாலிஷிலேயே தொடங்கலாம்.

பெயிண்ட் ஒட்டியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அக்ரிலிக் பெயிண்ட் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட இயர் பட்ஸுக்குக் கரைந்து வரும். ஊறவைக்காதீர்கள், தொட்டுத் துடைத்து உடனே கழுவுங்கள். சித்தப்பா பூசியது எனாமல், அத்தனை வருஷம் இறுகியது. அதற்கு நான் பயன்படுத்தியது வெறும் பல்குச்சி. முனையை உளி மாதிரிச் சாய்த்துச் சீவி, தண்ணீரில் நனைத்து, பெயிண்டின் ஓரத்தில் கொடுத்துத் தள்ளினால் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. நுனி மழுங்க மழுங்கச் சீவிக்கொள்ள வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் புதுக் கீறல் விழாது. இதே வேலையைக் கத்தியால் செய்தால் கை ஒரு தடவை நழுவினாலும் போச்சு.

உள்பக்க வெள்ளைப் படலம் சூப்பர் குளூவின் வேலை. கேனபியை சிமெண்டில் ஒட்டியிருந்தாலும் காக்பிட்டுக்குள், அதாவது விமானி உட்காரும் அறைக்குள், எதையோ அவர் இதில் ஒட்டியிருக்க வேண்டும். அந்தப் பசை இறுகும்போது ஆவி கிளம்பும். ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் இருக்கும் பரப்பில் வெள்ளையாகப் படியும். விரல் பட்ட எண்ணெய்ப்பசை இருக்கும் இடத்தில் இன்னும் நன்றாகப் படியும். தடயவியல் ஆய்வகங்களில் கைரேகையை வெளிக்கொண்டுவர இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். சித்தப்பாவின் கேனபியைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளே வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை, வரிவரியாக, அத்தனை தெளிவாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய அவருடைய விரல். அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, துடை” என்றார்.

லேசான படலம் என்றால் பாலிஷிலேயே போய்விடும். தடித்திருந்தால் 2000 தாளில் தொடங்குங்கள். இதற்கென விற்கும் பசைநீக்கிகளில் அசிட்டோன் இருக்கும், அதை கேனபிக்குத் தொடக் கூடாது.

மஞ்சளித்துப் போனது வேறு கதை. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் பிளாஸ்டிக்கையே மாற்றிவிடுவதால் வருவது அது. மேல்தோலில் மட்டும் இருந்தால் தேய்த்துக் குறைக்கலாம். உள்ளே இறங்கியிருந்தால் அதை மீட்கப் போராடாமல் புதுப் பாகம் செய்வதே நல்லது. அதற்கு ஒரு வழி கடைசியில் சொல்கிறேன்.

தேய்ப்பதும் மெருகேற்றுவதும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கீறலை நாம் அழிப்பதில்லை. பெரிய கீறலைச் சின்னக் கீறல்களாக மாற்றுகிறோம், அதை இன்னும் சின்னதாக மாற்றுகிறோம், கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 1000 நம்பர் தாளின் துகள் சராசரியாக 18 மைக்ரான், 2000இல் 10 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான். கீறல்கள் அந்த அளவை நெருங்க நெருங்க ஒளி சிதறுவது குறைந்து, பிளாஸ்டிக் தெளிந்து தெரிகிறது. இது மனத்தில் பதிந்துவிட்டால், 1000இலிருந்து நேராகப் பற்பசைக்குத் தாவினால் ஏன் மங்கலாகவே நிற்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பாகத்துக்கு உள்ளே முட்டுக்கொடுங்கள். ஈரத்துணியைச் சுருட்டி கேனபிக்குள் அடைத்தால் அழுத்தும்போது விரிசல் விடாது. சின்னக் கேனபி என்றால் சுண்டுவிரல் நுனியே போதும். தாளை விரல் நகம் அளவுக்கு வெட்டி, தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் விட்டு, அழுத்தாமல் தேய்க்க வேண்டும்.

முதல் தாளில் ஒரே திசையில் தேயுங்கள், முன்பின்னாக. அடுத்த நம்பருக்குப் போகும்போது திசையை மாற்றி, குறுக்காகத் தேயுங்கள். முந்தைய தாளின் கோடுகள் எல்லாம் மறைந்து குறுக்குக் கோடுகள் மட்டும் தெரியும்வரை அடுத்த நம்பரைத் தொடாதீர்கள். திசையை மாற்றாவிட்டால் எந்தக் கோடு எந்தத் தாளுடையது என்று தெரியாது. கடைசிப் பாலிஷில் வந்து நிற்கும்போது 1000இன் கோடு ஒன்று பல்லைக் காட்டும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. ஈரமாக இருக்கும்போது கேனபி பளிச்சென்று தெரியும். கீறல்களுக்குள் தண்ணீர் நிரம்பி நிற்பதால் வரும் தெளிவு அது. காய்ந்ததும் மறுபடி வெளுத்துப் போகும். ஆகவே ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் கழுவி, ஒற்றி எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகு டார்ச்சடித்துப் பாருங்கள்.

நடுவில் பாகம் முழுக்கத் தேய்த்த கண்ணாடி மாதிரி வெள்ளையாகிவிடும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு அப்போது வயிற்றைக் கலக்கும், கெடுத்துவிட்டோமே என்று தோன்றும். இல்லை, அது சரியான பாதைதான். 3000 தாண்டி, காம்பவுண்டைத் தொட்டுத் துணியில் தேய்க்க ஆரம்பித்ததும் நடுவில் ஒரு பொட்டு தெளியும். அந்தப் பொட்டு மெதுவாக விரிந்துகொண்டே போகும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகப் பிடித்த நிமிடம் அதுதான்.

காம்பவுண்டுக்குக் கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணி. ஒன்றில் ஒன்று கலந்தால் கோர்ஸின் துகள் ஃபினிஷில் கோடு போடும். வட்டமாகத் தேயுங்கள், ஒரே இடத்தில் வேகமாகத் தேய்த்துச் சூடேற்றாதீர்கள். கிரைண்டர் மாதிரிச் சுழலும் மோட்டார் கருவியைப் புதியவர்கள் இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் ஒரு நொடி நின்றாலும் பிளாஸ்டிக் உருகிச் சுருங்கிவிடும். மூலை முடுக்குக்கு இயர் பட்ஸ், அதைவிடச் சின்ன இடத்துக்குப் பல்குச்சி நுனியில் துணி.

புது கிட்டிலும் இதே வேலை வரும். எஃப்-16, சுகோய்-27 மாதிரி விமானங்களின் கேனபி அடியில் குறுகி நடுவில் பிதுங்கி நிற்கும். அந்த வடிவத்துக்காக அச்சைப் பிளந்து செய்வதால் உச்சியில் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கும் கிட்கள் நிறைய. கத்தியைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து லேசாகச் சுரண்டி அதை மட்டமாக்குங்கள், பிறகு 1500இலிருந்து மேலே சொன்ன வரிசைதான். கத்தியால் வெட்டப் போகாதீர்கள், சுரண்டினால் போதும்.

படலம் பூசுவது

மெருகேற்றிய கேனபிக்கு மேல் மெல்லிய அக்ரிலிக் படலம் ஒன்று பூசினால், மிச்சமிருக்கும் பொடிக் கீறல்களில் அது இறங்கி நிரம்பிவிடும். நனைந்தபோது தண்ணீர் காட்டிய அந்தத் தெளிவு இப்போது நிரந்தரமாகக் கிடைக்கும். பின்னால் விரலோ பசை ஆவியோ பட்டாலும் படலம் தாங்கிக்கொள்ளும்.

இதற்காக மாடல் கட்டுகிறவர்கள் பல காலம் நம்பியது அமெரிக்காவில் ஃபியூச்சர் என்றும் பிரிட்டனில் க்ளியர் என்றும் விற்ற, தரைக்குப் பூசும் அக்ரிலிக் பாலிஷ். தரைக்காகச் செய்த பொருள் கேனபிக்கு இவ்வளவு பொருந்தியது ஆச்சரியம்தான். பழைய கட்டுரைகளில் அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டுக் கடை கடையாகத் தேடி அலையாதீர்கள். இப்போது ஆல்கிளாட் அக்வா கிளாஸ், ஏகே காஸி ஏஜென்ட் என்று மாடலுக்கென்றே விற்கிறார்கள். தண்ணீரில் கரையும் எந்தத் தெளிந்த அக்ரிலிக் கிளாஸும் ஆகும். லாக்கர் வகை வேண்டாம்.

செய்முறை இதுதான். திரவத்தைச் சின்னக் கிண்ணத்தில் மெதுவாக ஊற்றுங்கள், நுரை வரக் கூடாது. கேனபியைச் சாமணத்தால் சட்டத்தின் ஓரத்தில் பிடித்து மெதுவாக அமிழ்த்துங்கள், மெதுவாக எடுங்கள். கீழ் விளிம்பை டிஷ்யூ காகிதத்தில் தொட்டால் கூடுதல் திரவத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் அடியில் தேங்கித் தடித்துக் காயும். பிறகு டிஷ்யூ மேல் நிறுத்தி, தூசி விழாமல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, காற்றுப் போக ஓரத்தில் ஒரு தீக்குச்சி முட்டுக்கொடுத்து மூடிவிடுங்கள். இருபத்துநான்கு மணி நேரம் தொடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள்.

சரியாக வரவில்லையா? கவலை வேண்டாம். ஃபியூச்சர் வகைப் படலம் அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தில் கரைந்துவிடும். துடைத்து, கழுவி, மறுபடி அமிழ்த்தலாம். அதே காரணத்தால், மாடல் முடிந்த பிறகு அமோனியாத் திரவமோ ஆல்கஹாலோ கேனபியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்-16 போன்றவற்றின் கேனபிக்குப் புகை நிறச் சாயல் வேண்டுமென்றால் இந்தத் திரவத்திலேயே டாமியா எக்ஸ்-19 ஸ்மோக் சில சொட்டுகள் கலக்கலாம். குறைவாகத் தொடங்குங்கள். இரண்டாவது தடவை அமிழ்த்தி நிறத்தைக் கூட்டலாம், குறைக்கத்தான் முடியாது.

சட்டத்துக்குப் பெயிண்ட்

கண்ணாடியை மறைத்துச் சட்டத்தை மட்டும் பூச வேண்டும். எட்வார்ட் போன்ற நிறுவனங்கள் பல கிட்களுக்கு அளவாக வெட்டிய மாஸ்க் விற்கின்றன. கிடைத்தால் வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்ப்பது கண்ணுக்குக் கெடுதல். கிடைக்காவிட்டால் டாமியா மஞ்சள் டேப்பை ஒரு சட்டக் கட்டத்துக்கு மேல் ஒட்டி, பல்குச்சியால் ஓரங்களை அழுத்துங்கள். சட்டத்தின் கோடு டேப்பில் எழும்பித் தெரியும். புத்தம்புது பிளேடை அந்தக் கோட்டில் வைத்து, அழுத்தாமல் பிளேடின் எடையிலேயே இழுங்கள். வளைந்த இடங்களில் ஓரத்துக்கு மட்டும் மெல்லிய டேப் நாடா ஒட்டி, நடுவை மாஸ்கிங் திரவத்தால் நிரப்பலாம்.

முதலில் உள்நிறம், அதன் மேல் வெளிநிறம். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சட்டத்தின் உள்பக்கம் தெரியும் அல்லவா, அது காக்பிட்டின் நிறத்தில் இருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயருக்குச் சாம்பல் கலந்த பச்சை, போரின் பெரும்பகுதியில் ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109க்குக் கருஞ்சாம்பல். மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஒரேயடியாக அடித்தால் டேப்புக்கு அடியில் ஊறிவிடும்.

ஒட்டுவது

கேனபிக்கு சூப்பர் குளூ வேண்டாம். காரணத்தை மேலே பார்த்தோம், நம் ஊர் ஈரக் காற்றில் அந்த வெள்ளைப் படலம் இன்னும் எளிதாக விழும். டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரியான சிமெண்டில் அசிட்டோன் உண்டு, ஒரு துளி வழிந்தாலும் கண்ணாடியில் தடம் விழும். கை பழகும்வரை ஒதுக்கி வையுங்கள்.

வெள்ளைப் பசைதான் நம் நண்பன். சாதாரண ஃபெவிகாலே போதும், காய்ந்தால் தெளிந்துவிடும். பல்குச்சி நுனியால் விளிம்பில் மெல்லிய கோடாக இழுத்து, கேனபியை உட்கார வைத்து, பிதுங்கியதை ஈரமான இயர் பட்ஸால் துடைத்துவிடுங்கள். கேனபிக்கும் உடலுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தால் அதே பசை அதையும் அடைத்துவிடும். மாடல் கடைகளில் கேனபி குளூ என்று விற்பது இதைவிடப் பிடிப்பு அதிகம், திறந்த நிலையில் ஒட்டும் கேனபிகளுக்கு அது நல்லது.

ஒட்டுவதற்கு முன் காக்பிட்டுக்குள் ஒரு தடவை டார்ச் அடியுங்கள். கேமரா லென்ஸுக்குக் காற்று ஊதும் ரப்பர் பந்தால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். மூடிய பிறகு உள்ளே ஒரு நூலிழை தெரிந்தால் தினமும் அதுதான் கண்ணில் படும். காக்பிட்டுக்குள் எதையாவது சூப்பர் குளூவால் ஒட்டியிருந்தால் ஒரு முழு நாள் ஆறவிட்டே மூடுங்கள்.

மீட்க முடியாதபோது

விரிசல் குறுக்கே ஓடியிருந்தால், உள்ளுக்குள் மஞ்சளித்திருந்தால், புதுசு செய்யலாம். செக் நாட்டு ராப் டாரஸ் போன்றவர்கள் பல விமானங்களுக்கு மெல்லிய கேனபிகள் விற்கிறார்கள். வீட்டிலேயே செய்ய, தண்ணீர் பாட்டில் போதும். பழைய கேனபியின் உள்பக்கம் மெல்லிதாக வாசலின் தடவி, எம்-சீல் கலந்து அடைத்து, இறுகியதும் எடுத்தால் அச்சு கிடைக்கும். அதைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள், அச்சில் இருக்கும் ஒவ்வொரு மேடுபள்ளமும் கேனபியில் வரும். அச்சை ஒரு குச்சியில் ஒட்டி, பாட்டிலின் நேரான பகுதியை வெட்டி அதற்குள் நுழைத்து, ஹீட் கன் காட்டினால் பாட்டில் சுருங்கி அச்சைக் கவ்விக்கொள்ளும். பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் 80 டிகிரிக்கு மேல் சூடேறினாலே இளகிச் சுருங்கும். பழைய கேனபியையே அச்சாக வைத்துவிடாதீர்கள், ஹீட் கன் சூட்டில் அதுவும் சேர்ந்து சுருண்டுவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று வீணாகும், பாட்டிலுக்கா பஞ்சம்? பெட்டில் மாடல் சிமெண்ட் ஒட்டாது, வெள்ளைப் பசையோ கேனபி குளூவோதான்.

முடித்த பிறகு

மாஸ்கை எப்போது பிரிப்பது என்பதில் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பளபளப்பைக் குறைக்கும் கடைசி மேட் வார்னிஷ் அடித்துக் காயும்வரை அது கேனபி மேலேயே இருக்கட்டும். முன்கூட்டியே பிரித்துவிட்டு மேட் அடித்தால் கண்ணாடி பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும், இத்தனை வேலையும் பாழ். அதே சமயம் மாதக்கணக்கில் விடவும் வேண்டாம். நம் வெயிலுக்கு டேப்பின் கோந்து இளகிப் பிளாஸ்டிக்கில் பிடித்துக்கொள்ளும். பிரிக்கும்போது பல்குச்சியால் ஒரு மூலையைக் கிளப்பி, பின்பக்கமாக மடக்கி, மெதுவாக இழுங்கள். கோந்து தங்கிவிட்டால் அதே டேப்பை உருட்டி ஒற்றி ஒற்றி எடுங்கள். பிடிவாதமாக இருந்தால் இயர் பட்ஸில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, உடனே சோப்பு நீரில் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தங்கினால் பாலிஸ்டைரீனில் நாளடைவில் விரிசல் விடும்.

அடுத்த கிட் வாங்கும்போது பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, தெளிந்த ஸ்ப்ரூவைத் தனி ஜிப் பையில் போடுவது. மற்ற ஸ்ப்ரூக்களோடு உரசி வருகிற கீறல்களில் பாதி அதோடு நின்றுவிடும். முடித்த மாடலை ஜன்னல் வெயில் நேராகப் படாத அலமாரியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வையுங்கள். தூசியைத் துணியால் துடைக்காமல், முகப்பூச்சுக்கு வைத்திருக்கும் மெல்லிய பிரஷால் ஒரே திசையில் தள்ளிவிடுங்கள்.

சித்தப்பாவின் ஸ்பிட்ஃபயர் இப்போது அவர் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. பின்சட்டத்துக்கு அருகே ஒரு கீறலை மட்டும் விட்டுவிட்டேன், அங்கே பிளாஸ்டிக் ஏற்கெனவே மெலிந்திருந்ததால் இன்னும் தேய்க்கக் கை வரவில்லை. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் விமானியின் முகம் தெரிகிறது. அதற்கு மூக்கும் மீசையும்கூட அவர் அப்போதே வரைந்திருந்தார்.